கல்லாமேல் ஒரு காது

மேலநாகலூரில் சுபத்ராவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டதாகச் சொன்னார். அடுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஜீப்பின் முன்னால் இருந்த அரசுப் பலகையைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். மருந்துக்கடைக்கு வழி கேட்டபோது ஒரு பெரியவர் மரியாதையாகக் கைகாட்டினார். அந்தப் பக்கம் போனால் சுடுகாடு வந்தது.

சுபத்ரா இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. மருந்துப் பங்கீட்டைக் கவனிக்கும் தாங்குதிறன் துறையின் பறக்கும் படையில் சேர்ந்த நாளிலிருந்து எந்த ஊரும் அவளை ஆரத்தி எடுத்து வரவேற்றதில்லை. பதுக்கல்காரனைக் காப்பாற்றுகிற ஊர் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்தாள்.

இரண்டு பெரிய நாடுகள் முட்டிக்கொண்டு கடல்வழியை அடைத்ததில், இங்கே ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தவர்களின் பாடு திண்டாட்டமானது. இன்சுலினின் மூலப்பொருள் ஒரு நாட்டில், குப்பி இன்னொரு நாட்டில், அதைக் குளிரில் வைக்கும் பெட்டி மூன்றாவது நாட்டில். கப்பல் நின்றதும் மூன்றும் நின்றன. இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று அரசு கணக்குக் கேட்டது. ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டியதைப்போல் இரண்டு பங்கு எழுதி அனுப்பியது. கையில் சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. எழுத்தில் யாரும் யோக்கியமாக இல்லை.

அதனால் எழுத்தையே ஒழித்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கடையின் கல்லாமேலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கருவியை வைத்தார்கள். கடைக்காரர் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும். சரக்கு இருக்கிறதென்று பேச்சில் தெரிந்தால் பச்சை விளக்கு. இல்லையென்று தெரிந்தால் சிவப்பு. அந்த ஊருக்குக் கிடங்கிலிருந்து வண்டி புறப்படும். குரலில் நடுக்கமோ தயக்கமோ இருந்தால் மஞ்சள். ஆள் பொய் சொல்கிறான் என்று பொருள். அரசு அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் காது என்றார்கள்.

சென்னையில் காதுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த குழுவில் சுபத்ராவும் ஒருத்தி. பிறந்தது பெங்களூர், படித்தது விடுதிகளில். பேச்சில் பொய் ஒளிந்துகொள்ள முடியாது என்று முதல் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவளே அவள்தான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மேலநாகலூரின் காது ஆவணி மாதத்திலிருந்து பச்சையையே காட்டிக்கொண்டிருந்தது. ஊரில் சர்க்கரை நோயாளிகளோ ஒருவர் பின் ஒருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். கடை நிறையச் சரக்கு, ஆஸ்பத்திரி நிறைய நோயாளி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைக்காரன் பதுக்குகிறான்.

காலையில் புறப்படும்போது தலைமைக் கிடங்கின் பொறுப்பாளர் திருஞானத்திடம் போனில் பேசினாள். துறையில் அவள் மதிக்கிற ஒரே மனிதர். அவளோடு வரும் லாரியில் வடகுடிக்கான இன்சுலின் பெட்டிகள் இருந்தன. வடகுடி துறைமுக ஊர், பல ஊர்க்காரர்கள் வந்து கலந்த இடம். அங்கே காது சிவப்பில் இருந்தது. வழியில் மேலநாகலூரில் ஒளித்து வைத்திருப்பதையும் கைப்பற்றி அதே லாரியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் உத்தரவு.

"அடுத்த வாரத்துக்கும் சரக்கு இருக்குல்ல சார்?" என்று கேட்டாள்.

"கிடங்கு நிறைஞ்சிருக்கும்மா. நீ பாத்துப் போயிட்டு வா" என்றார் அவர்.

அந்த ஒரு பேச்சு போதும் அவளுக்கு. தெம்பாகத்தான் கிளம்பினாள்.

*

மருந்துக்கடையைக் கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். பழைய பலசரக்குக் கடை. தகப்பன் காலத்தில் பருப்பும் புளியும் விற்ற இடத்தில் மகன் வடுகநாதன் மருந்து விற்றான். நாற்பதைத் தாண்டிய, தடித்த மீசைக்காரன். அவன் மனைவி மீனாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. துக்கம் நடந்த வீடு என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் தங்கை தெய்வானை போன மாதம் இன்சுலின் கிடைக்காமல் செத்துப்போனதை சுபத்ரா வரும் வழியிலேயே படித்திருந்தாள்.

"திறங்க" என்றாள் சுபத்ரா.

"எதை?"

"எல்லாத்தையும்."

கூட வந்த காவலர்கள் இருவரும் அலமாரிகளைக் கவிழ்த்தார்கள். குளிர்ப்பெட்டியில் ஒன்றும் இல்லை. பரணில் பழைய தராசும் சாக்குகளும் இருந்தன. பின்கட்டில் வீடு, அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். வடுகநாதன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுவத்தையும் இடிச்சுப் பாத்துருங்க. அப்பறம் மனசு கெடந்து அடிச்சுக்கும்" என்றான்.

"இடிக்கத்தான் போறேன். உங்க மச்சினிச்சிக்கே குடுக்காம ஒளிச்சு வச்சவர் நீங்க. சுவர் எனக்குப் பெரிசில்ல."

மீனாள் எழுந்தாள். கை ஓங்குவாள் என்றுதான் சுபத்ரா நினைத்தாள். அவள் ஓங்கவில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குக் கூடப்பொறந்தவுக இருக்காகளா?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"இருக்கக் கூடாது. ஒங்க வாய்க்கு ஆருமே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மீனாள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தெரு முனையில் லாரியைச் சுற்றியும் ஆட்கள் நின்றார்கள். சும்மா நிற்பதுபோல் நின்றார்கள். டயருக்குப் பக்கத்தில் நின்றார்கள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தான். பொழுது இறங்குவதற்குள் கிளம்பாவிட்டால் பெட்டிகளில் ஐஸ் உருகிவிடும், உருகினால் மருந்து மருந்தாக இருக்காது.

"மனு மேல மனுவாப் போட்டோம். ஒருத்தரு வந்து பாக்கல" என்றான் வடுகநாதன்.

"மனு எழுத்து. எழுத்த நாங்க எடுத்துக்கறதில்ல. உங்க பேச்சு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். கடை நிறைய இருக்குன்னு தினம் தினம் சொல்லிருக்கீங்க. பொய் சொன்னா மஞ்சள் எரியும், ஒரு தடவை கூட எரியல. அப்போ அது உண்மைதானே? அந்தச் சரக்கு எங்க?"

"நாங்க அப்புடிச் சொல்லவே இல்ல."

"சொன்னீங்க."

"உங்க மிசினுக்குக் காது செவுடு."

இளையநல்லூர்க் கடைக்காரரும் இப்படித்தான் சொன்னார். அங்கேயும் அலமாரி காலி, காது பச்சை. சுபத்ரா ஒரு வரியில் அறிக்கை அனுப்பினாள், அவரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சரக்கு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. கெட்டிக்காரத் திருடன் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். கைகளில் கிரீஸ் கறை. செபஸ்தி, லாரிப் பட்டறையில் வேலை. அவன் மகள் ரோஸ்லின் அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கடைசிக் குப்பியின் அடியில் ஒட்டியிருந்ததையும் நேற்றே ஏற்றிவிட்டார்களாம். அவன் சுபத்ராவையோ காவலர்களையோ பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த அலமாரியைத் தாண்டிக் கல்லாவுக்குப் போனான்.

"அக்கா, இன்சுலினு?"

மீனாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நிறைஞ்சிருக்கு செபஸ்தி" என்றாள்.

கல்லாமேல் பச்சை விளக்கு மின்னியது. செபஸ்தி தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான்.

சுபத்ராவுக்கு முதலில் வெற்றிதான். தன் கண் முன்னாலேயே சொல்லிவிட்டாள், இரண்டு சாட்சியோடு. வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இந்த ஆள் ஏன் போகிறான்? மகள் சாகக் கிடக்கிறாள், மருந்து நிறைய இருக்கிறது என்கிறார்கள், இவன் காசைக்கூட எடுக்காமல் போகிறான்.

"நில்லுங்க. எங்க போறீங்க? இருக்குன்னு சொல்றாங்க, வாங்கிட்டுப் போங்க."

செபஸ்தி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அதான் நிறைஞ்சிருக்குன்னுட்டாகளே."

"நிறைஞ்சிருந்தா குடுப்பாங்கல்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. வடுகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மெதுவாகக் காதைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் சுபத்ராவைப் பார்த்தான்.

"நீங்க எந்த ஊரு?" என்றான்.

"ஏன்?"

"உங்க வீட்டுல அரிசி தீந்துபோனா என்னன்னு சொல்லுவீக?"

"தீந்துபோச்சுன்னுதான். வேற என்ன சொல்றது?"

"நாங்க சொல்ல மாட்டோம். அரிசி, உப்பு, மஞ்சள், ஒண்ணையும் இல்லைங்க மாட்டோம். வாயால சொன்னா வீட்டுல அந்த இல்லைங்கிறதே தங்கிரும்பாக. அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கியாங்கன்னு சொல்லுவாக எங்க ஆத்தா. கல்லாவுல உக்காந்தா கேக்கவே வேணாம். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கல்லாவுல இல்லைங்கிற பேச்சே கெடையாது. கேட்ட சரக்கு இல்லாட்டி நிறைஞ்சிருக்கும்போம், வந்தவுக புரிஞ்சுகிட்டுப் போயிருவாக."

"மருந்துக்குக் கூடவா?"

"மருந்துக்கு மட்டும் நடுவுல கொஞ்ச காலம் விட்டுப்போச்சு. போன கோடையில பக்கத்தூருல ஒரு கடையில இன்சுலின் இல்லைன்னு சத்தமாச் சொல்லிட்டாக. சாயங்காலத்துக்குள்ள கடையவே ஒடச்சுப்புட்டாக. அதுக்கப்பறம் இந்தச் சுத்துப்பட்டுல எல்லாக் கடையிலயும் பழையபடி இதே பேச்சுத்தான்."

பொய் சொல்கிறவன் குரலைப் பிடிக்கத் தெரிந்த கருவி. ஆனால் இங்கே யாருமே பொய் சொல்லவில்லை. கேட்கிறவனுக்குப் புரியும் என்று தெரிந்து, மனசில் கள்ளம் இல்லாமல், அன்றாடம் பேசுகிற பேச்சு. நடுக்கம் எங்கிருந்து வரும்? மஞ்சள் எப்படி எரியும்?

"பச்சை எரிஞ்சுதே, அதப் பாத்தாவது எங்ககிட்டக் கேக்கக் கூடாதா?"

"காதை மாட்ட வந்த உங்க ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? பச்சை எரிஞ்சா காதுல விழுந்துருச்சுன்னு அர்த்தம்னாரு. வழக்கமாப் பேசுற மாதிரியே பேசுங்க, மாத்திப் பேசினா பொய்யின்னு புடிச்சுக்கும்னாரு. நாங்க வழக்கமாத்தான் பேசுனோம். பச்சை எரியிறப்பல்லாம், சரி, மேல போய்ச் சேந்துருச்சு, வண்டி வந்துரும்னு ஒக்காந்துருந்தோம்."

ஆவணியிலிருந்து பச்சையைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். அங்கே சென்னையில் அவளும் அதே பச்சையைப் பார்த்து, இந்தப் பக்கத்துக்கு வண்டி வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள். இளையநல்லூர்க்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் கெட்டிக்காரத் திருடன் இல்லை. திருடனே இல்லை.

"ஒரு தடவை இல்லைன்னு சொல்லிருக்கலாமே" என்றாள். கேட்டது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"சொன்னேன்" என்றாள் மீனாள். "தெய்வானை மூச்சு நின்னப்ப சொன்னேன். என் தங்கச்சி இல்லையேன்னு இந்தத் தெருவே கேக்கக் கத்துனேன். வீட்டுக்குள்ள கத்துனேன். உங்க காது கடையிலல்ல இருக்கு."



சுபத்ரா காதைக் கையில் எடுத்து மீனாளின் முன்னால் நீட்டினாள். "இப்போ சொல்லுங்க. நேரடியாச் சொல்லுங்க. சிவப்பு எரிஞ்சா இந்த லாரிய இங்கயே இறக்க எனக்கு அதிகாரம் வந்துடும்."

மீனாள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. புருஷனைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் படத்தைப் பார்த்தாள். வாசலில் செபஸ்தி நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்சுலின் இல்ல" என்றாள். குரல் கிடுகிடுவென்று ஆடியது. "எங்ககிட்ட இல்ல. ஒண்ணுமே இல்ல."

மஞ்சள் எரிந்தது.

பேசியவர் உண்மை பேசவில்லை என்று காது அழகான தமிழில் அறிவித்தது. அந்தப் பெண்குரலைத் தேர்ந்தெடுத்ததும் சுபத்ராதான்.

*

அப்போதுதான் முதல் கல் ஜீப்பின்மேல் விழுந்தது. வடுகநாதன் வாசலுக்குப் போய்க் கையை உயர்த்தினான். அவளைக் காப்பாற்ற இல்லை. கண்ணாடி உடைந்தால் பழி தன் கடைமேல் வரும் என்று. அவன் அதைச் சத்தமாகவே சொன்னான்.

சுபத்ரா பின்கட்டுக்குப் போய்த் திருஞானத்தை அழைத்தாள். துறையின் போன்களிலும் காது உண்டு. அதை வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"சார், மேலநாகலூர் காலி சார். பதுக்கல் எதுவும் இல்ல. இந்தப் பக்கத்துல பச்சையா இருக்கற ஊர் எல்லாமே காலியாத்தான் இருக்கும்னு தோணுது. நாம ஒரு வார்த்தையத் தப்பாப் புரிஞ்சுகிட்டிருக்கோம்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "இந்த லாரிய இங்கயே இறக்கிடறேன். வடகுடிக்கு நீங்க கிடங்குலேர்ந்து இன்னொரு வண்டி அனுப்புங்க. மத்த ஊருக்கும் அனுப்பணும். அவ்வளவு சேத்து வச்சிருக்கோமே, இதுக்குத்தானே சார்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"சார்?"

"கிடங்கு நிறைஞ்சிருக்கும்மா" என்றார் திருஞானம்.

"அதான் சார், அதுலேர்ந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். எதிரே அடுப்படியில் காவலர்கள் உருட்டிவிட்ட அரிசிப் பானை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"மேலநாகலூருக்கு அடுத்த ஊருதாம்மா. நீ நிக்கிறியே, அந்தக் கடையிலதான் எங்கம்மா மஞ்சத்தூள் வாங்குவாக." அவர் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. நிதானமாக, வீட்டு ஆளிடம் பேசுவதுபோல் பேசினார். "நல்லா நிறைஞ்சிருக்கும்மா. ஆவணியிலேர்ந்தே நிறைஞ்சுகிட்டே வந்துச்சு, இன்னைக்கு உன் லாரி கிளம்புனதும் முழுசா நிறைஞ்சிருச்சு. அமைச்சர் வந்து கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். அவருக்குச் சந்தோசம்."

"மத்த கிடங்கெல்லாம்?"

"எல்லாமே."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கப்பல் வராவிட்டாலும் மாநிலம் தாங்கும் என்று ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். சேமிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கடைகள் உடைபடாமல் இருந்தன, லாரிகள் சாலையில் ஓடின, டிரைவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்தச் சேமிப்பு ஒரு வயதான மனிதரின் வாயில் மட்டும் இருந்தது. அவர்மேல் அவளுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அவர் இடத்தில் இருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வண்டியில இருக்கறதப் பாத்துச் செய்யிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

*

அவள் வெளியே வந்து, லாரியைக் கடை வாசலுக்கே கொண்டுவரச் செய்து பாதியை இறக்கச் சொன்னாள். மஞ்சள் விளக்கு எரிந்த ஊரில் சரக்கை இறக்கினால் வேலை போகும். அது இனி பெரிய விஷயமாகப் படவில்லை.

முதல் பெட்டியை செபஸ்தியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மற்றவற்றை வடுகநாதன் குளிர்ப்பெட்டியில் அடுக்கினான். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பாதி இறங்கியதும் டிரைவர் கதவைச் சாத்தப் போனான். கூட்டம் விடவில்லை.

"பாதிய எங்க கொண்டு போறீக?" என்றார் காலையில் சுடுகாட்டைக் காட்டிய பெரியவர்.

"வடகுடிக்கு. அங்கயும் பிள்ளைங்க இருக்காங்க."

"அவுகளுக்கு வேற வண்டி வரச் சொல்லுங்க. ஆவணியிலேர்ந்து எங்களுக்கு வராததெல்லாம் எங்க போச்சு? கிடங்குல கெடக்குல்ல? இதையும் எறக்குங்கடா" என்று ஒருவன் லாரியின் பின்பலகையில் ஏறினான். இன்னும் நாலு பேர் அவன் பின்னால் ஏறினார்கள். இரும்புக் கம்பி ஒன்று கைமாறியது.

காவலர்கள் இருவரும் எப்போது நழுவினார்கள் என்று தெரியவில்லை.

மீனாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். வாசற்படியில் சுபத்ராவுக்கு எதிரே, முகத்துக்கு முகம் நின்றாள். அவள் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது தீந்தா அடுத்தது எப்ப வரும்? உள்ளதச் சொல்லுங்க. பெரிய கிடங்குல மருந்து இருக்கா?"

சுபத்ரா திரும்ப வைத்த இடத்தில், கல்லாமேல் காது இருந்தது; வாசல் பேச்சும் அதற்குக் கேட்கும். இல்லை என்று சொன்னால் சிவப்பு எரியும், சென்னை வரைக்கும் எரியும். அதற்கும் முன்னால் இந்த லாரி வடகுடிக்குப் போகாது. செய்தி பரவிவிட்டால் பொழுது சாய்ந்தபின் எந்த லாரியும் எந்த ஊருக்கும் போகாது. இருக்கிறது என்று சொன்னால், தங்கையைப் பறிகொடுத்தவளின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும்.

சுபத்ரா அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"நிறைஞ்சிருக்குக்கா" என்றாள்.

மீனாள் அசையாமல் நின்றாள். கையிலிருந்த முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். லாரியின் பின்பலகையில் ஏறியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், துக்க வீட்டு வாசலில் நிற்கிறவர்போல. கம்பி வைத்திருந்தவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எறங்குங்கப்பா" என்றாள் மீனாள். "வழிய விடுங்க. வடகுடிக்காரவுகளுக்கும் இதுதான் கடேசி."

கடைசி வார்த்தையை மட்டும் அவள் சத்தமில்லாமல், உதட்டால் சொன்னாள்.

லாரி கிளம்பியது. கடைக்குள்ளே, கல்லாமேல் காது பச்சை விளக்கைப் போட்டிருந்தது. சுபத்ராவின் குரலில் நடுக்கம் கொஞ்சம்கூட இல்லை.